போர்ட் எரின் மணலில் ஒரு கறை

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடைப்பட்ட கடலில் கிடக்கும் மான் தீவின் தென்மேற்கு மூலையில், மேற்கு நோக்கித் திறந்த சிறியதொரு குடாவின் கரையில், போர்ட் எரின் என்னும் ஊர் அமைந்திருக்கிறது. வடக்கே பிராடா முனையின் செங்குத்தான பாறைகள். தெற்கே, 1876-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்று, எட்டே ஆண்டுகளில் ஒரு பெரும் புயலுக்கு இரையாகிச் சிதறிப்போன அலைத்தடுப்புச் சுவரின் எச்சங்கள். இவ்விரண்டுக்கும் நடுவே வளைந்து கிடக்கும் மணற்பரப்பு. மீன் பிடித்து ஜீவித்துவந்த இக்கிராமம், 1874-இல் இருப்புப்பாதை வந்து சேர்ந்தபின், கோடைகாலத்தில் லங்காஷயர் நகரங்களிலிருந்து காற்று வாங்க வருவோருக்குரிய உல்லாச ஸ்தலமாக மாறிற்று. அத்தகையோருக்கு மணல் என்பது நடப்பதற்கும், குழந்தைகள் விளையாடுவதற்கும், துணி விரித்து உட்காருவதற்கும் உரிய இடமேயன்றி வேறில்லை. அதன் நிறம் இன்றைக்கு இன்னபடி இருந்தது, நாளைக்கு இன்னபடி மாறிற்று என்று குறித்து வைப்பது எவருடைய காரியமுமாக இருக்கவில்லை.

1911-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், கடல் வற்றியிருந்த வேளையில், அந்த மணலின் மேல் பசுமையும் பழுப்பும் கலந்த திட்டுக்கள் படர்ந்திருப்பதைக் கண்டு, குனிந்து, ஒரு சிட்டிகை மணலை எடுத்துக்கொண்டுபோய்ச் சூட்சுமதரிசினியின் கீழ் வைத்துப் பார்த்தவர், லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் இயற்கைச் சரித்திரப் பேராசிரியராகிய வில்லியம் ஆபட் ஹெர்ட்மன் என்பவர். கறையாகத் தோன்றியது கறையன்று. ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு சுழன்று நீந்தும் கோடிக்கணக்கான ஜீவன்கள் அவை. டைனோஃபிளாஜெல்லேட்டு என்று உயிரியலார் வழங்கும் பெருங்குலத்தைச் சேர்ந்த ஆம்ஃபிடினியம் என்னும் அந்த உயிரை, போர்ட் எரின் கரையில் பெருந்தொகையாகக் கண்ட செய்தியை, ஹெர்ட்மன் அவ்வாண்டே லண்டன் லின்னேயன் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார்.

அவ்வுயிருக்கு அதற்கு முன்னரே ஒரு சிறு சரித்திரம் உண்டு. ஜெனீவாவைச் சேர்ந்த கிளாப்பரேட் என்பாரும் அவருடைய தோழர் லாக்மன் என்பாரும், நார்வேக் கடற்கரையில் கண்டு, 1859-இல் அதற்குப் பெயரிட்டிருந்தனர். ஆனால் அவர்கள் காலத்தவர், இக்குலத்து உயிர்களின் இடுப்பைச் சுற்றியோடும் பள்ளத்தில் அலைபோல் நெளிந்துகொண்டிருப்பதை ஒரு வரிசைக் குறுமயிர்கள் என்றே எண்ணினர். அந்த நம்பிக்கையின் மேலேயே குலத்தின் பெயரும் வகுப்பும் நிறுவப்பட்டிருந்தன. 1883-இல் ஜெர்மானியராகிய கிளெப்ஸ், பள்ளத்தில் கிடப்பது மயிர் வரிசையன்று, நாடாவைப்போல் நெளியும் ஒரே ஒரு கசையிழையே என்று நிலைநாட்டினார். இரண்டாண்டு கழித்து பூட்ஷ்லி என்பவர் இன்று வழங்கும் குலப்பெயரைச் சூட்டினார். ஒன்று குறுக்கே சுற்றி, மற்றொன்று பின்னே நீண்டு கிடக்கும் இரண்டு கசையிழைகளால், முன்னேறுவதும் தன்னைத்தானே சுற்றுவதும் ஒருங்கே நிகழ்வதே இவ்வுயிர்களின் நடை.

ஹெர்ட்மன் எப்படி அந்த மணலுக்கு வந்து சேர்ந்தார் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எடின்பரோவில் 1858-இல் பிறந்து, சாலஞ்சர் கப்பலின் உலகப் பயணத்தில் திரட்டப்பெற்ற பொருள்களை வகைப்படுத்தும் பணியில் இளமையிலேயே பழகி, 1881-இல், தமது 23-ஆம் வயதில், லிவர்பூலில் பேராசிரியர் பதவி ஏற்ற அவர், நகரத்துச் சோதனைச்சாலையில் சாராயத்தில் ஊறிய உடல்களை அறுத்துக் காட்டுவதோடு நின்றுவிட மனமில்லாதவராய், 1885-இல் கடலுயிர் ஆராய்ச்சிக்கென ஒரு குழுவைக் கூட்டினார். அக்குழு 1887-இல் வேல்ஸ் நாட்டுக் கரையை அடுத்த பஃபின் தீவில் ஒரு நிலையம் வைத்தது. படகு போக முடியாத நாட்கள் மிகுந்த இடமாதலின் அது நெடுங்காலம் பயன்படவில்லை. ஆகவே 1892-இல் நிலையம் போர்ட் எரினுக்குப் பெயர்ந்தது. பத்தாண்டுக்குப் பின் குடாவின் தென்கரையில் பெரிய கட்டடமும், மீன்குஞ்சு பொரிக்கும் தொட்டிகளும், பொதுமக்கள் பார்க்கும் மீன் காட்சிசாலையும் எழுந்தன. ஈஸ்டர் விடுமுறைதோறும் மாணவர்கள் வந்து தங்கிப் பாறைக் குட்டைகளைக் கிளறுவது அங்கே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

இதே ஹெர்ட்மனை ஈழத்துத் தமிழரும் பாண்டிநாட்டுக் கடற்கரையாரும் வேறொரு வகையில் அறிந்திருக்கக் கூடும். மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபம் 1891-க்குப் பின் பத்தாண்டுக்கு மேலாக நடவாமல் போனபோது, அதன் காரணத்தை ஆராய்ந்து சொல்லுமாறு ஆங்கில அரசாங்கம் அழைத்தது அவரைத்தான். 1902-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் உதவியாளருடன் இலங்கை வந்து, பெரிய பார், செவல் பார் முதலிய பாறைத் திட்டுக்களின் மேல் சில மாதங்கள் கப்பலில் சுற்றி, வலை இழுத்தும், முத்துக்குளிப்போரை மூழ்கச் செய்தும் ஆராய்ந்த பின்னர், ஹார்னெலை அங்கேயே விட்டுவிட்டுத் தாய்நாடு திரும்பினார். 1903 முதல் 1906 வரை ஐந்து பெரும் பாகங்களாக ராயல் சங்கத்தார் வெளியிட்ட அவருடைய அறிக்கை, மன்னார்க் கடலின் ஜீவராசிகளைப்பற்றி இன்றும் புரட்டிப் பார்க்கப்படும் களஞ்சியம். ஆயினும் அதன் தலையாய இரண்டு விஷயங்களில், ஒன்று நிலைத்தது, மற்றொன்று நிலைக்கவில்லை.

நிலைத்தது, மணலைப்பற்றியது. 1902 மார்ச்சு மாதத்தில் பெரிய பாரின்மேல் கணக்கிட முடியாதபடி மண்டிக்கிடந்த இளஞ்சிப்பிகள், அவ்வாண்டு நவம்பரில் போய்ப் பார்க்கும்போது அடியோடு காணப்படவில்லை. இடையில் அடித்த சோழகக் காற்றின் அலைகள் அவற்றைப் பெயர்த்து ஆழத்தில் தள்ளிவிட்டன. பாறையைப் பற்றி வாழும் சிப்பிக்கு நகரும் மணலைவிடப் பெரிய சத்துரு இல்லையென்பது, கடலில் மூழ்கிப் பழகிய கீழக்கரையாருக்குத் தெரியாத செய்தியன்று என்றாலும், சாஸ்திர ரீதியாக எழுதப்பெற்றது அப்போதுதான். நிலைக்காதது, முத்தின் உற்பத்தியைப்பற்றியது: நாடாப்புழு ஒன்றின் இளம்பருவம் சிப்பியின் உடலில் புகுந்து மடிய, அதைச் சுற்றியே முத்து வளர்கிறது என்னும் அக்கொள்கை, அடுத்த சில ஆண்டுகளில் ஆட்சேபணைக்கு உள்ளாகிப் பின்னர் கைவிடப்பட்டது. 1906-இல் இலங்கை அரசாங்கம் முத்துப் பார்களை ஓர் ஆங்கிலக் கம்பெனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட, 1907-க்குப் பின் சிப்பியே இல்லாமற்போய், அக்கம்பெனி குத்தகைக்காலத்தின் பாதிகூடச் செல்லுமுன் கலைந்தது.

இதைச் சொல்வது ஹெர்ட்மனைக் குறை கூறுவதற்காகவன்று. அரசாங்கத்தின் அவசரத்துக்காகச் சில மாதம் வந்துபோகும் பேரறிஞர் ஒருவர், தம் வீட்டு வாசலில் கிடக்கும் மணலை ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் பார்த்துவரும்போது, வேறொரு மனிதராகவே ஆகிவிடுகிறார் என்பதே என் எண்ணம். கடலியலின் சரித்திரத்தை எழுதுவோர் பெருங்கப்பல்களின் பயணங்களையே அதிகாரங்களாக வகுக்கிறார்கள். ஹெர்ட்மனும் தம் முதுமையில் அந்தச் சாஸ்திரத்தை ஸ்தாபித்தோரைப்பற்றி ஒரு நூல் எழுதி, பெரும்பாலும் அப்படியே செய்தார். போர்ட் எரின் மணலுக்கோ கப்பல் தேவைப்படவில்லை. மான் தீவில் கடல் இறங்கும் நேரத்தை அறிந்திருப்பதும், நேற்றுக் கண்ட திட்டு இன்று இருக்கிறதா என்று நடந்துபோய்ப் பார்ப்பதும், ஒரு கண்ணாடிக் குப்பியும் போதுமாயிருந்தன. சிப்பிக்குச் சத்துருவாகத் தாம் கண்ட மணலையே, மற்றொரு ஜீவனுக்கு இருப்பிடமாக அவர் காண நேர்ந்தது இவ்வாறுதான்.

அந்த இருப்பிடம் எத்தகையது? மணற்பொடிகள் எவ்வளவு நெருங்கிக் கிடந்தாலும் அவற்றிடையே நீர் நிறைந்த சந்துகள் இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டரின் முப்பதில் ஒரு பங்கு அளவே நீளமுள்ள ஆம்ஃபிடினியத்துக்கு அச்சந்துகள் அகன்ற வீதிகள். திறந்த கடலில் மிதக்கும் இதன் உறவினர் சிலர், அமிழ்ந்துபோகாமல் இருக்கக் கொம்பும் இறகும் வளர்த்திருக்க, மணலில் வாழ்வதோ கொம்பில்லாமல், முதுகும் வயிறும் தட்டையாக ஒட்டிய உடலோடு, இடுக்குகளில் நுழைவதற்கு ஏற்றபடி அமைந்திருக்கிறது. இடுப்புப் பள்ளம் உடலின் நடுவே ஓடாமல் முனையருகே ஓடுவதால், மேற்பாகம் செம்பின்மேல் வைத்த சிறு மூடியைப்போல் தோன்றும். உறவினர் பலர் பூணும் செல்லுலோஸ் தகட்டுக் கவசம் இதற்கு இல்லை. மெல்லிய தோலே உடை. பொன்னும் பழுப்புமான நிறமிகள் செறிந்த பசுங்கணிகங்கள் உடலை நிறைத்திருப்பதால், சூரிய ஒளியே இதன் ஜீவாதாரம்.

ஒளி வேண்டும், ஆனால் அலை வந்து அடித்துக்கொண்டுபோகாமலும் இருக்க வேண்டும். இவ்விரண்டு தேவைகளையும் இந்த ஒற்றை உயிரணு தீர்த்துக்கொள்ளும் விதமே, ஹெர்ட்மன் கண்ட திட்டுக்கள் தோன்றி மறைவதன் ரகசியம். பகலில் கடல் இறங்கி மணல் வெளிப்பட்டதும், அடியிலிருந்து இவை மேல்நோக்கி ஏறிப் பரப்பில் குழுமுகின்றன. நீர் திரும்பி வருவதற்கு முன்னதாகவே உள்ளிறங்கி மறைந்துவிடுகின்றன. காலையில் பழுப்பாகக் கிடந்த இடத்தை மாலையில் பார்ப்பவர், அப்படியொன்று அங்கே இருந்தது என்றால் நம்பமாட்டார். இந்தியாவிலும் இத்தகைய ஏற்றிறக்கத்தை, கணபதி முதலியோர் விசாகப்பட்டினத்துக் கடற்கரை மணலில் வாழும் டயட்டம்களிலும் டைனோஃபிளாஜெல்லேட்டுகளிலும் ஆராய்ந்து 1959-இல் வெளியிட்டிருக்கின்றனர். மணலுக்கு நிறமூட்டுவது இவ்வொரு குலத்தின் தனியுரிமையன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலிகாப் பெட்டியில் வாழும் டயட்டம்களும் அதே கரையில் அதே வேலையைச் செய்கின்றன. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் பழுப்பு இன்றைக்கு யாருடையது என்பதைச் சூட்சுமதரிசினி ஒன்றே சொல்லும்.

இதன் பிறப்பு வளர்ப்பு, பார்வைக்கு எளிது. உள்ளே செல்லச் செல்ல விசித்திரமானது. பெரும்பாலும் ஒன்று இரண்டாகப் பிளப்பதே பெருக்கம். நீந்திக்கொண்டே பிளப்பதும் உண்டு. கசையிழைகளை உதறிவிட்டு, வழுவழுப்பான ஓர் உறைக்குள் அடங்கி, அங்கே பிளந்து, புதிய இழைகளோடு வெளிவருவதும் உண்டு. பிளக்கும்போது உட்கருவில் நடப்பதுதான் ஏனைய உயிர்களில் காணாத அதிசயம். மற்ற தாவரங்களிலும் பிராணிகளிலும் பிரிவினைக் காலத்தில் மட்டும் திரண்டு தோன்றி, மற்ற வேளைகளில் நூலாக அவிழ்ந்து கிடக்கும் குரோமோசோம்கள், இக்குலத்தில் எக்காலமும் திரண்டபடியே இருக்கின்றன. கருவின் உறையும் கிழிவதில்லை. இழுத்துப் பிரிக்கும் நுண்ணிழைகள் கருவை ஊடுருவிய சுரங்கங்களின் வழியே, உறைக்கு வெளியே நின்றபடி, தம் வேலையைச் செய்கின்றன. தாவர நூலாரும் விலங்கு நூலாரும் இக்குலத்தைத் தத்தமக்கு உரியதென்று நெடுங்காலம் வழக்காடியதற்கு, ஒளியால் உண்ணுவதும் இரை பிடித்து உண்ணுவதும் ஒரே குலத்தில் கலந்திருப்பது காரணமென்றால், அந்த உட்கருவின் விபரீதப்போக்கு அவ்வழக்கை இன்னும் சிக்கலாக்கிற்று.

நெடுங்காலம், இவற்றுக்கு ஆண் பெண் சேர்க்கை என்பதே இல்லையென்று கருதியோர் பலர். 1967-இல் காவோ வியன் என்பவர், ஆம்ஃபிடினியத்தின் ஓர் இனத்தில் அத்தகைய சேர்க்கை நிகழ்வதை எடுத்துக்காட்டிப் பாரிஸில் வெளியிட்டார். சாதாரணமாக நீந்தும் ஒவ்வொன்றும் ஒற்றைத் தொகுதிக் குரோமோசோம்களையே உடையது. பாலணுக்களாக மாறிய இரண்டு கூடி ஒன்றாகும்போதுதான் தொகுதி இரட்டிக்கிறது. அந்த இணைவணு பின்னர் குறைப்புப் பிரிவினையால் மீண்டும் ஒற்றைத் தொகுதி உடையவற்றை ஈனுகிறது. நம்மைப்போன்ற பிராணிகளின் வாழ்க்கை முறைக்கு இது நேர் தலைகீழ். வாழ்நாள் முழுவதும் இரட்டைத் தொகுதியுடன் இருந்து, பாலணுவில் மட்டும் ஒற்றையாகும் நமக்கு, வாழ்நாள் முழுவதும் ஒற்றையாக இருந்து, சேர்க்கையின் கணத்தில் மட்டும் இரட்டிக்கும் ஜீவிதம் விளங்கச் சற்று நேரமாகும்.

மணல்வாழ் இனங்களுள் நீந்துவதையே அரிதாக்கிக்கொண்டவையும் இருக்கின்றன. ஜப்பானியராகிய ஹோரிகுச்சியும் சிஹாராவும் 1987-இல் விவரித்த ஸ்பைனிஃபெரோடினியம் என்பது, தன் வாழ்நாளின் பெரும்பகுதியை, முள் நிறைந்த தலைக்கவசம் போன்ற ஓட்டின்கீழ், அசையாமல் கழிக்கிறது; ஓட்டுக்குள்ளேயே பிரிந்து, கசையிழையுள்ள குஞ்சுகளை வெளிவிட, அவை சற்றே நீந்தி, இடம் கண்டு அமர்ந்து, இழைகளை இழந்து, தமக்கென ஓடு கட்டிக்கொள்கின்றன. வேறு சில பசுங்கணிகமே இல்லாமல், அண்டையில் வாழும் சிறு உயிர்களை விழுங்கியே பிழைக்கின்றன.

மீண்டும் போர்ட் எரினுக்கு வருவோம். 1911-க்குப் பின் ஹெர்ட்மன் குடும்பத்தின்மேல் காலம் இரங்கவில்லை. ஒரே புதல்வர் ஜார்ஜ், 1916 ஜூலை முதல் தேதி, சோம் நதிப் போரின் முதல் நாளிலேயே மாண்டார். பெற்றோர் அவர் நினைவாக லிவர்பூலில் நிலவியல் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவினர். பின்னர் கடலியலுக்கும் ஒன்று நிறுவி, அதில் முதலாவதாகத் தந்தையே அமர்ந்தார். போர்ட் எரின் நிலையம் 1919-இல் பல்கலைக்கழகத்தின் கைக்கு மாறிற்று. 1922-இல் மனைவியும் மறைந்தார். இந்த ஆண்டுகளில்தான், மகள் கேத்தரின் அம்மையார், தந்தை குனிந்த இடத்தில் தாமும் குனிந்து, மணலின் நிறத்தை மாற்றும் டைனோஃபிளாஜெல்லேட்டுகளையும் பிறவற்றையும் பற்றிய குறிப்புக்கள் என்னும் அடக்கமான தலைப்பில், 1921 முதல் 1924 வரை வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார். தந்தை முக்கியமாக ஓர் இனத்தைக் கண்ட கரையில் மகள் பலவற்றைக் கண்டார்; முன்பு எவரும் பெயரிடாதவை அவற்றுள் பல.

இதற்குள் கலிபோர்னியாவில் கோஃபாய்டு என்னும் பேராசிரியரும் ஸ்வீஸி அம்மையாரும், கவசமற்ற டைனோஃபிளாஜெல்லேட்டுகளைப்பற்றிய தங்கள் பெருநூலை 1921-இல் வெளியிட்டிருந்தனர். ஹெர்ட்மன் தாம் கண்டதை நார்வே இனமென்று எண்ணியிருக்க, அது அதுவன்று என்று தீர்மானித்து, அவர் பெயராலேயே ஆம்ஃபிடினியம் ஹெர்ட்மானி என்று அழைத்தனர். மறு ஆண்டு கேத்தரின் அம்மையார், தாம் கண்ட புதிய இனமொன்றுக்குக் கோஃபாய்டின் பெயரை இட்டு மரியாதையைத் திருப்பிச் செலுத்தினார். 1924-இல், பல உடல்கள் ஒன்றாகப் பிணைந்து ஒரே ஜீவனாக வாழும் பாலிகிரிகாஸ் என்னும் வகையில் ஒரு மணலினத்தைக் கண்டபோது, பிளிமத் நிலையத்தில் இதே துறையில் உழைத்துக்கொண்டிருந்த மேரி லெபர் அம்மையாரின் பெயரை அதற்கு வைத்தார். தந்தையின் சொந்தத் துறையாகிய உறையுடலிகளில் பாட்ரில்லஸ் என்பதைப்பற்றியும் அவ்வாண்டில் ஒரு நூல் எழுதினார். அவ்வாண்டு ஜூலையில் தந்தை காலமானார்.

ஹெர்ட்மன் என்னும் பெயரை நம் நாட்டுக் கல்லூரி மாணவர் பலர், அது ஒரு மனிதரின் பெயரென்று அறியாமலேயே உச்சரித்திருக்கிறார்கள். விலங்கியல் வகுப்புகளில் தலைமுறை தலைமுறையாக அறுத்துப் படம் வரையப்பட்ட ஹெர்ட்மானியா என்னும் உறையுடலி, அவரைக் குறித்தே 1888-இல் பெயர்பெற்றது. இந்தியக் கடல்களின் அவ்வுயிரைப்பற்றி தாஸ் 1936-இல் எழுதிய நூலே நம் பாடப்புத்தகங்களுக்கு ஊற்று. 1981-இல் டாட்ஜ் என்னும் ஆங்கிலேயர், மணல்வாழ் டைனோஃபிளாஜெல்லேட்டு ஒன்றுக்கும் அதே பெயரைச் சூட்டினார். விலங்குகளுக்கும் தாவரங்களுக்கும் பெயரிடும் விதிகள் வெவ்வேறாதலால், ஒரே பெயருடன் இரண்டு ஜீவன்கள் தகராறின்றி இருக்கின்றன. உதவியாளர் ஹார்னெலுக்கும் இந்தப் பாக்கியம் ஒருகாலம் கிட்டியிருந்தது: சென்னை மீன்வளத் துறையில் சேர்ந்து, மலையாளக் கரையில் கடல்நீர் நிறம் மாறி மீன்கள் கூட்டமாக மடிவதை அவர் ஆராய்ந்திருந்ததை நினைந்து, 1954-இல் சுப்பிரமணியன் என்னும் நம் நாட்டு அறிஞர், அத்தகைய கேடு விளைக்கும் நுண்ணுயிர் ஒன்றுக்கு ஹார்னெல்லியா என்று பெயரிட்டார். பின்வந்தோர் அதை வேறு குலத்தில் சேர்த்துவிட்டதால் அப்பெயர் வழக்கொழிந்தது. அதே சுப்பிரமணியன், 1968-இலும் 1971-இலும், இந்தியக் கடல்களின் டைனோஃபிளாஜெல்லேட்டுகளைப்பற்றி இரு பாகங்கள் வெளியிட்டார். அவை திறந்த கடலில் மிதப்பவற்றைச் சார்ந்தவை.

உலகில் மணலிலும் கடல் அடித்தளத்திலும் வாழும் டைனோஃபிளாஜெல்லேட்டு இனங்கள் ஏறத்தாழ 190 என்று 2014-இல் கணக்கிட்டனர். அவற்றை ஆராய்ந்து வருவோரில் ஒருவராகிய மோனா ஹாப்பன்ராத் என்னும் ஜெர்மானிய அம்மையார், லியாண்டர் என்பாருடன் சேர்ந்து, கனடாவின் மேற்குக் கரையில் ஒரு மணற்பரப்பில் பாலிகிரிகாஸின் புதிய இனமொன்றைக் கண்டு, 2007-இல் அதற்குக் கேத்தரின் ஹெர்ட்மனின் பெயரை வைத்தார். அதற்கு முந்திய ஆண்டில்தான் லிவர்பூல் பல்கலைக்கழகம் போர்ட் எரின் நிலையத்தை மூடியிருந்தது.